நான்கு அட்டை அரிசி

பேருந்தின் கூரையில் கயிறு அவிழ்க்கும்போது மதினி இறங்கிக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். மூட்டை இறங்கியதும் குனிந்து அதன் தையலைத் தடவிப் பார்ப்பார், எங்காவது பிரிந்து அரிசி சிந்தியிருக்கிறதா என்று. அதன் பிறகுதான் முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்து, "வந்துட்டியா தம்பி" என்பார். இரண்டாயிரத்தையொட்டிய வருடங்களில், மாதம் ஒருமுறை திருப்பூர்ப் பேருந்து நிலையத்தில் இது நடந்தது.

மதினி என் அண்ணனின் மனைவி. மழை பொய்த்த ஒரு வருடத்தில் கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்கள் நாங்கள். வந்த மறுவருடமே அண்ணன் லாரி மோதி இறந்துபோனான். மதினி ஊருக்குத் திரும்பவில்லை. நாங்கள் குடியிருந்த அதே லைன் வீட்டில் கடைசி அறையை எடுத்துக்கொண்டு, ஒரு கம்பெனியில் தைத்து வரும் பனியன்களுக்குப் பிசிறு வெட்டினார்.

கையில் வாங்கும் சம்பளம் ஊரைவிட அதிகம்தான். ஆனால் ஊரில் யார் வீட்டு மரத்திலும் ஒடித்துக்கொள்கிற கறிவேப்பிலையைக்கூடத் திருப்பூரில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. மதினி கடை சாத்துகிற நேரம் பார்த்துச் சந்தைக்குப் போவார். அடிபட்ட தக்காளியைக் குவியலாக வாங்கி வந்து, நல்ல பகுதியை மட்டும் அரிந்தெடுத்து எங்களுக்கும் ஒரு கிண்ணம் கொடுப்பார். அரிசிதான் பெரும் பாரமாக இருந்தது. எங்கள் ரேஷன் அட்டைகள் எல்லாம் ஊர் முகவரியில் இருந்தன. இங்கே மாற்ற வேண்டுமானால் வீட்டுக்காரர் கடிதம் தர வேண்டும். அவர் வரிப் பிரச்சினை வருமென்று தர மறுத்துவிட்டார். அப்போதுதான் மதினி, மாதாமாதம் எப்படியும் தன் தாயைப் பார்க்கப் போகிறவர், "எல்லாரும் அட்டையைக் குடுங்க, நானே வாங்கியாரேன்" என்றார். எங்களுடையது, அவருடையது, எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேருடையது, ஆக நான்கு அட்டை. அந்த அரிசியைக் கடை அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்து வடித்தால் வாடை தெரியாது என்று என் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். மூன்று வருடம் நாங்கள் அப்படித்தான் சாப்பிட்டோம்.

ஒரு திங்கட்கிழமை நண்பகலில் கம்பெனி ஆபீசுக்கு எனக்குப் போன் வந்தது. திருப்பூருக்கு ஒன்றரை மணி நேரத் தொலைவில் ஒரு சோதனைச் சாவடியில் மூட்டைகளை இறக்கிவிட்டார்கள் என்றார் மதினி. குரலில் பதற்றமில்லை.

"நாலு குடும்பத்து அரிசின்னு சொன்னேன் தம்பி, நம்ப மாட்டேங்காக. அட்டைக்காரங்க சாயங்காலத்துக்குள்ள நேர்ல வந்து எழுதிக் குடுத்தா விட்ருவாகளாம். நீ வந்தாப் போதும், மத்தவுகளும் வந்துருவாக."

அன்று எங்களுக்கு ஷிப்மெண்ட். நான் கட்டிங் டேபிளில் நின்றுகொண்டிருந்தேன். ஆனால் கேட்டிருந்தால் மாஸ்டர் விட்டிருப்பார், அது எனக்கு அன்றைக்கே தெரியும். உண்மையில் எனக்கு வந்தது வேறு பயம். ஊரில் குடியில்லாதவன் என்று எழுதி அட்டையை ரத்து செய்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

"இன்னைக்கு வர முடியாது மதினி. அட்டையக் காட்டிராதீங்க, கேன்சல் பண்ணிருவாங்க" என்றேன்.

"சரி தம்பி. சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். ஊர்க்காரர்கள் இருவரிடமும் சொன்னேன். நான் போகவில்லை என்றதும் அவர்களும் போகவில்லை.

அட்டைகளைக் காட்டாமல், மூட்டைகள் தன்னுடையவை, விற்பதற்காக வாங்கியவை என்று மதினி எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து டீக்கடைக்காரர் பேப்பரைப் பிரித்து என் முன்னால் வைத்தார். ரேஷன் அரிசி கடத்திய பெண் கைது. இரண்டு பெண் போலீசாருக்கு நடுவில், மூட்டைகளுக்குப் பின்னால், முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி மதினி நின்றார்.

"அந்த அம்மிணி தனியா நிக்குதுங்களே. நீங்க யாரும் போகலீங்களா?" என்று கேட்டார் அவர். கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஜாமீனில் வந்த அன்று மதினி எங்கள் அறைக்கு வந்து, இடுப்பிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து என் மனைவியிடம் கொடுத்தார். உள்ளே எங்கள் அட்டைகள் மடங்காமல் இருந்தன. கேஸ் உள்ள ஆள் வேண்டாம் என்று கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். அந்த மாதமே அவர் ஊருக்குப் போய்விட்டார். அங்கிருந்து இரண்டு வருடம் கோர்ட்டுக்கு வந்து போனார். ஒரு வாய்தாவுக்குக்கூட நான் உடன் போகவில்லை. ஊர்த் திருவிழாவில் பார்த்தால் எப்போதும்போல நலம் விசாரிப்பார். நான்தான் சீக்கிரம் விடைபெற்றுக்கொள்வேன்.

இப்போது எங்கள் தெரு ரேஷன் கடையில் பீகார்க்காரப் பெண்கள் விரலை வைத்து அரிசி வாங்கிப் போகிறார்கள். எந்த ஊர் அட்டைக்கும் எந்தக் கடையிலும் கிடைக்குமாம். முதல்முறை அதைப் பார்த்தபோது என் முறை வருமுன்பே வரிசையிலிருந்து விலகி வெளியே வந்து நின்றுகொண்டேன். அந்த வாரமே ஊருக்குப் புறப்பட்டேன்.

மதினிக்குப் பார்வை மங்கியிருந்தது. நடந்ததைப் பற்றி எதுவும் கேட்காமல் சோறு போட்டார். பாதிச் சாப்பாட்டில், "அன்னைக்கு நான் வந்திருக்கணும் மதினி" என்றேன். இதைச் சொல்ல எனக்குப் பதினெட்டு வருடங்கள் ஆகியிருந்தன.

"வந்திருந்தா உன் அட்டையும் போயிருக்கும். விடு" என்றார்.

நான் சாப்பிட்டு முடிக்கப் போகும்போது சொன்னார்:

"வர மாட்டேன்னுதான் நீ சொன்ன. ஆனாலும் மனசு கேக்கல. திருப்பூர்லருந்து கடைசி பஸ் வர்ற வரைக்கும் எழுதிக் குடுக்காம உக்காந்திருந்தேன்."

சொல்லிவிட்டு, மோர்ச் செம்பைத் தடவி எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார்.