அறுபது அங்குலத்தில் ஒரு முகம்

ஸ்டுடியோவில் அவளுக்குப் பெயர் கணக்கு. பள்ளியில் கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டவள் என்பது வேறு கதை. ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கும்போது மட்டும் அவள் கணக்கு பிசகியதே இல்லை. அவளிடம் இருந்த லென்ஸ் முழுக்கக் கையால் இயங்குவது. ஃபோகஸும் கையால்தான், வெளிச்சம் நுழையும் துளையைக் கூட்டிக் குறைப்பதும் கையால்தான். கூடவே தொழில் பார்க்கும் அண்ணனுக்கு அந்த லென்ஸைக் கண்டாலே இளக்காரம். தான் ஒரு பட்டனில் முடிக்கிற வேலைக்கு இவள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு நிற்பாள் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அன்று மதியம் வந்தவர் எதிர்க்கடைத் தையல்கார அம்மா. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். விசாவுக்கு அனுப்பிய படம், கண் மூடியிருக்கிறது என்று இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. மாலை ஐந்து மணிக்குள் சரியான படம் போகாவிட்டால் விண்ணப்பமே ரத்து. அப்புறம் பிள்ளை பிறந்து தவழத் தொடங்கிய பிறகுதான் அவர் போய்ச் சேர முடியும்.

அண்ணன் தன் புதுக் கேமராவில் பதினான்கு படம் எடுத்தான். பதினான்கிலும் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணை மூடாதீங்க, மூடாதீங்க என்று அவன் சொல்லச் சொல்ல அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கல்யாணப் படத்திலேயே தன் கண் மூடித்தான் இருக்கும், மாப்பிள்ளையைப் பார்க்கப் பிடிக்கவில்லை போல என்று புகுந்த வீட்டில் பேசினார்கள் என்றார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தரம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

கணக்குக்கு அண்ணன் மேல் எரிச்சலாக வந்தது. குற்றம் அந்த அம்மாவிடம் இல்லையே. தானியங்கி ஃபிளாஷ், வெளிச்சத்தை அளந்து பார்ப்பதற்காக, படத்துக்கு ஒரு கணம் முன்னால் சின்னதாக ஒரு மின்னல் விடும். முக்கால்வாசிப் பேருக்கு அது உறைப்பதற்குள் படம் முடிந்துவிடும். இவருக்கோ முப்பது வருஷமாக ஊசி முனையிலேயே பழகிய கண். முதல் மின்னலுக்கே இமை விழுந்துவிடுகிறது.

"தள்ளுண்ணே, நான் எடுக்கறேன்."

தன் லென்ஸை மாட்டினாள். ஃபிளாஷையும் தானியங்கியிலிருந்து மாற்றினாள். இனி அது ஒரே தடவைதான் மின்னும். வெளிச்சத்தை அளக்கும் வேலை அவளுடையது. அதற்குத் தூரம் தெரிய வேண்டும். லென்ஸ் வளையத்தில் இருந்த அடிக்கணக்கோ தேய்ந்து எந்தக் காலமோ ஆகிவிட்டது. அம்மாவின் கழுத்தைப் பார்த்தாள். வந்த அவசரத்தில் கழற்றாத அளவு நாடா அங்கேயே தொங்கியது.

"அந்த டேப் முழுசா எவ்வளவும்மா?"

"அறுபது இஞ்ச்."

சரியாக ஐந்து அடி. ஒரு முனையைத் தன் மூக்கு நுனியில் வைத்து அம்மா பிடித்துக்கொள்ள, மறுமுனை வந்து தொட்ட இடத்தில் கேமராவை நிறுத்தினாள். ஃபிளாஷின் பலத்தைக் குறிக்கும் எண் நாற்பது. அதைத் தூரமான ஐந்தால் வகுத்தால் துளையின் அளவு கிடைக்கும், எட்டு. துளை வளையத்தை எட்டுக்குத் திருப்பினாள். முதலில் சும்மா ஒன்று எடுத்துப் பார் என்றான் அண்ணன். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நாடாவை வாங்கி வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"கண்ணைப் பத்திக் கவலைப்படாதீங்கம்மா. மூடினா மூடட்டும்."

ஒரே மின்னல். அம்மா இமைக்கத்தான் செய்தார், ஆனால் அதற்கு முன்பே படம் விழுந்தாகிவிட்டது. திரையில் இரண்டு கண்ணும் பளிச்சென்று திறந்திருந்தன. நாலரை மணிக்குப் படம் போயிற்று. அண்ணன் அன்று முழுக்க வாய்ப்பாட்டுப் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவள் செல்போனுக்கு ஒரு படம் வந்தது. ஆஸ்பத்திரி அறையில் மருமகன் ஃபிளாஷ் போட்டு எடுத்தது. தையல்கார அம்மாவின் மடியில், பிறந்து ஒரு நாள்கூட ஆகாத பேத்தி. அம்மாவின் கண் இறுக மூடியிருந்தது. கீழே எழுதியிருந்தார்:

"மறுபடியும் மூடிட்டேன்மா. பரவாயில்ல, இதை யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க."