அடியில் கிடந்த மழைக்காலம்

கரவனெல்லயிலிருந்து மேலே ஏறினால் ஒரு றப்பர்த் தோட்டம் வரும். அதன் கீழ்ப்பிரிவில் பிள்ளைக் காம்பராவைப் பார்ப்பவள் கோகிலா. தாய்மார் றப்பர்ப் பால் வெட்டப் போனதும் தொட்டில் குழந்தைகளும் நடைபழகும் குழந்தைகளும் அவள் கையில். பிறந்ததும் அதே பிரிவில், கலியாணம் கட்டியதும் அதே பிரிவில். உயர்தரம் படித்தாள். கேகாலையில் கணினி வகுப்புக்குப் போனாள். தகப்பன் செத்ததோடு வகுப்பு பாதியில் நின்றது. கொஞ்சக் காலம் ஆடைத் தொழிற்சாலை, பிறகு குழந்தை, பிறகு இந்த வேலை. கணவன் சுமன் கொழும்பில் கட்டட வேலை செய்கிறான், தீபாவளிக்கு வருவான். தோட்டத்தில் இப்படி ஆயிரம் பெண்கள். கோகிலாவைத் தனியாக எழுதக் காரணம் ஒரு பெட்டி.

தொழிலாளர் குடியிருக்கும் கீழ் லயத்துக்கு நேர் மேலே மலையில் ஒரு வெடிப்பு இருக்கிறது. அதைக் கண்ட பிறகு லயத்தை இடம் மாற்றவேண்டும் என்று தோட்டத்துச் சனம் நாங்கள் கேட்டோம். காணி வரவில்லை, பெட்டி வந்தது. நிவாரண நிறுவனம் ஒன்று வெடிப்புக்குக் குறுக்கே ஒரு கம்பி கட்டி, பக்கத்தில் மழைமானி வைத்து, இரண்டையும் பிள்ளைக் காம்பராவின் சாமான் அறையில் வைத்த சிறிய கணினிப் பெட்டியோடு இணைத்தது. மழை அளவு மீறினால் அல்லது கம்பி திடீரென்று இழுபட்டால் கூரையில் இருக்கும் சங்கு ஊதும். படம் பிடித்தார்கள், பாற்சோறு சாப்பிட்டார்கள், போனார்கள். கணினி படித்தவள் என்று பெட்டியைக் கோகிலாவிடம் ஒப்படைத்தார்கள்.

நம் சனத்துக்குச் சங்கு என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. ஊதினால் எழும்புவது, ஊதினால் வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்கு நிற்பது, ஊதினால் கலைவது. பாட்டன் காலத்திலிருந்து கம்பனி பழக்கிய பழக்கம். ஊதாவிட்டால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். தொழிற்சங்கத்தில் இருந்த காலத்தில் நாங்களும் இந்தப் பழக்கத்தை உடைக்கவில்லை, கூட்டம் கூட்ட அதையே பாவித்தோம். மலை விஷயத்தில் அது ஆளைக் கொல்லும் பழக்கம். பெட்டி செத்துப்போனாலும் சங்கு ஊதாது. மலை நன்றாக இருந்தாலும் ஊதாது. கீழே படுத்திருப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

போன ஆடியில் பெட்டி ஒருமுறை செத்தது. திரையில் மணி நகராமல் நிற்பதைக் கோகிலா கண்டாள். எத்தனை நாளாக அப்படி நின்றதோ தெரியாது. மாவட்ட அனர்த்தப் பிரிவில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கும் கஜீவனுக்கு அழைத்தாள். யாழ்ப்பாணத்துப் பொடியன், இங்கே வேலைக்கு வந்தவன். மரியாதையாகப் பேசுவான், அழைத்தால் எடுப்பான்.

"உள்ளுக்கு எல்லாத்தையும் வட்டின்ர ஒரே பாகத்தில போட்டு வச்சிருக்கினம்," என்றான், அவள் வாசித்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு. "இயங்குற நிரலும் அதுக்குள்ள, மழைக் கணக்கும் அதுக்குள்ள, பிழைச் செய்தியும் அதுக்குள்ள. மழைமானியில ஏதோ பிழை. அது விடாமச் செய்தி எழுதி எழுதி இடத்தை நிரப்பிப்போட்டுது. இப்ப மூச்சு விட இடமில்லை."

"அப்ப எல்லாம் ஒரே காம்பராவுல கெடக்குதுன்னு சொல்லுங்க சார்."

"அப்பிடித்தான். ஆனா வட்டில அரைவாசி ஒருத்தரும் பிரிக்காமக் கிடக்கு. வெறுங்காணி."

"வெறுங்காணியா? எங்களுக்குத் தெரியாம தோட்டத்துல அப்புடி ஒன்னு இருக்கா சார்."

கஜீவன் சிரித்தான். அந்த வெறும் இடத்தில் புதிய பாகம் ஒன்று போட்டு, கம்பி அளவையும் மழை அளவையும் அங்கே தனியாக எழுதவைத்தால், அது நிரம்பினாலும் சங்கு ஊதும் நிரல் சாகாது என்றான். முதலில் பிழைச் செய்திகளை அழிக்கச் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல இவள் தட்டினாள். இடுப்பில் ஒரு குழந்தை.

"சார், ரெண்டாவதா சின்னதா ஒன்னு காட்டுது. அதுல ஒன்னுமே இல்ல. அழிச்சிரவா?"

"ஐயோ, அழிக்காதையுங்கோ. நினைவகம் நிரம்பினா கணினி தற்காலிகமாச் சாமான் இறக்கி வைக்கிற இடம் அது. அதின்ர வகை இலக்கம் எண்பத்திரண்டு. நீங்கள் புதுசாப் போடுறதுக்கு எண்பத்திமூண்டு எண்டு குடுங்கோ, சாதாரணக் கோப்பு வைக்கிற வகை. வகை பிழைச்சா உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு மற்ற ஆக்களுக்கு விளங்காது."

"இப்புடி எத்தன போடலாங்க?"

"இது பழைய முறை அட்டவணை. பிரதான பாகம் நாலுதான். அதுக்கு மேல வேணுமெண்டா ஒண்டை நீட்டிப்போட்டு, அதுக்குள்ள சின்னச் சின்னதாப் பிரிக்கோணும்."

"எங்க லயத்துலயும் அதாங்க சார். காம்பரா ஒன்னு. மகன் கல்யாணம் கட்டுனா நடுவுல சீலையக் கட்டி ரெண்டாக்குவாங்க. அவன் தம்பி கட்டுனா மூனு."

"ஓம், கிட்டத்தட்ட அதுதான்," என்றான் கஜீவன். இந்தமுறை சிரிக்கவில்லை.

கடைசியில் புதிய பாகத்தை, அளவுகள் எழுதப்படும் கோப்புறையின்மேல் இணைக்கச் சொன்னான். இணைத்ததும் பெட்டி ஓடியது. "இன்னும் ஒரு வேலை இருக்கு. கணினி எழும்பேக்க எந்தப் பாகத்தை எங்க இணைக்கோணுமெண்டு ஒரு கோப்பில எழுதியிருக்கும். அதில இதையும் சேர்க்கோணும். இல்லாட்டி கரண்ட் போய் வந்தா அது தானா இணையாது. நாளைக்குச் சொல்லுறன்." மறுநாள் களனி கங்கை பெருகி அவனை வேறு பக்கம் இழுத்துக்கொண்டது. இவளுக்குக் குழந்தைகளுக்கு வயிற்றோட்டம். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற ஒன்றை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

ஐப்பசி மழை வந்தது. முதல் இரவே சங்கு ஊதியது. கீழ் லயத்துச் சனம் பிள்ளைகுட்டியோடு பள்ளிக்கூடத்துக்கு ஏறியது. வாரக்கணக்கில் மேசை வாங்குகளை ஒதுக்கிப் படுத்தார்கள். கரண்ட் போனது, பெட்டியின் மின்கலமும் தீர்ந்தது, பிறகு கரண்ட் வந்தது, பெட்டி தானாக எழும்பியது. கோகிலா தாய்மாரோடு பள்ளிக்கூடத்தில் சமைத்துக்கொண்டிருந்தாள்.

மழை விட்ட பிறகு வந்து பார்த்தால் கோப்புறையில் ஆவணி, புரட்டாதி அளவுகள் எதுவுமில்லை. வேறு என்ன இருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை. பிறகுதான் விட்ட வேலை ஞாபகம் வந்தது. கட்டளையைத் தட்டிப் பாகத்தை மறுபடி இணைத்தாள். பழைய அளவுகள் எல்லாம் திரும்பி வந்தன. நிரலை நிறுத்தி ஓட்டினாள். அந்த நிரல் நிறுத்தி ஓட்டும் ஒவ்வொரு முறையும் கம்பியைப் பூச்சியத்திலிருந்து எண்ணும். மழை நாட்களுக்கு மட்டும் பதிவு இல்லை. கரண்ட் இல்லாததால் எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டாள். உள்ளதை அப்போதே கஜீவனுக்கு அனுப்பினாள்.

கஜீவன் பார்த்தது இது: மழைக்கு முன் கம்பி அசையவில்லை, மழைக்குப் பின் கம்பி பூச்சியத்தில், நடுவில் வெற்றிடம். அசைவு பதிவாகவில்லை என்று எழுதினான். பொய் எழுதவில்லை. மேலிடத்தில் அதை அசைவு இல்லை என்று வாசித்தார்கள். பள்ளிக்கூடம் திறக்கவேண்டும், பால் வெட்ட ஆள் வேண்டும். சனத்தைத் திரும்பி இறங்கச் சொன்னார்கள். சனமும் சந்தோசமாகத்தான் இறங்கியது, பள்ளிக்கூடத்துக் கக்கூசு வரிசையில் ஒருவாரம் நின்று பார்த்தவருக்கு ஏன் என்று தெரியும்.

இறங்கியதும், கோகிலா அக்கா என்று கூப்பிடும் மூக்காயியின் கதவு மூட மறுத்தது. கீழ் லயத்துக் கடைசிக் காம்பரா. மழையில் மரம் ஊதியிருக்கும் என்று லயத்துத் தலைவர் இருளப்பன் வந்து செதுக்கிக் கொடுத்தார். அடுத்த கிழமை மறுபடி இறுகியது.

"மரம் காஞ்சிருச்சே மாமா, இன்னும் ஏன் இறுகுது?" என்று கோகிலா கேட்டாள்.

"ஓங்கக்கா சோத்தத் தின்னு கதவுல சாஞ்சி சாஞ்சி நிக்கிறா. கதவு என்ன செய்யும்?"

"ஆமா, அரிசி நீங்கதான் கொண்டாந்து கொட்டுனீங்க," என்றாள் மூக்காயி உள்ளிருந்து.

கோகிலா சிரித்துவிட்டு வேலைக்குப் போனாள். ஆனால் அன்று பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பாகமும் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்தாள். முதல் பாகம் இருக்கவேண்டியதைவிட நிறைய நிரம்பியிருந்தது. உள்ளே இருந்த கோப்புறைகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தாள். கூட்டுத்தொகை சின்னது. நிரம்பியிருக்கிறது, ஆனால் நிரப்பிய பொருளைக் காணவில்லை. மழைமானி மறுபடி பிழைச் செய்தி எழுதுகிறதோ என்று பயந்து கஜீவனுக்கு அழைத்தாள்.

கஜீவன் அவள் முன்பு அனுப்பிய கணக்கை எடுத்துப் பார்த்தான்.

"கோகிலா, மழைக்க கரண்ட் வந்து பெட்டி எழும்பினது எப்ப?"

"எங்களுக்குத் தெரியாதுங்க. நாங்க ஸ்கூல்ல இருந்தோம்."

"அந்தப் பாகம் இணையாமல் பெட்டி எழும்பியிருக்கு. அப்ப நிரல் சும்மா நிக்காது. கோப்புறை இருக்குத்தானே, அதுக்குள்ள எழுதியிருக்கும். முதல் பாகத்தில. பிறகு நீங்கள் அதுக்கு மேல மற்றப் பாகத்தை இணைச்சனீங்கள். மேல ஒண்டை விரிச்சா அடியில கிடக்கிறது தெரியாது. அழியாது, ஆனாத் தெரியாது."

"அப்ப மழை நாளு கணக்கு..."

"அடியில கிடக்கு. நிரலை நிப்பாட்டிப்போட்டு, மேல இருக்கிறதைக் கழற்றுங்கோ. நான் லைன்ல நிக்கிறன்."

கழற்றினாள். கோப்புறையில் மழை வாரங்கள் இருந்தன. கரண்ட் வந்த பிறகு ஒரு நாளும் விடுபடவில்லை. கம்பி ஒவ்வொரு நாளும் நீண்டிருந்தது. திடீரென்று இழுபடவில்லை, ஆகவே சங்கு ஊதவில்லை. மெல்ல, ஒரே பக்கமாக, மழை விட்ட பிறகும் நிற்காமல் நீண்டிருந்தது. கடைசி அளவை அவள் வாசித்தாள். ஒரு சாணுக்கு மேல்.

"திரும்ப வாசியுங்கோ," என்றான் கஜீவன்.

வாசித்தாள்.

"நான் இப்பவே மேலிடத்துக்குச் சொல்லுறன். மண் ஆராய்ச்சி ஆக்கள் வந்து பாத்துத்தான் ஆக்களை எழுப்பச் சொல்லுவினம். திங்கட்கிழமைக்கு முதல் வரமாட்டினம். நல்ல வெயிலெல்லோ, அவசரமில்லை எண்டுவினம்." நிறுத்தினான். "சங்கை ஊதுங்கோ எண்டு சொல்ல எனக்கு அதிகாரமில்லை."

"வெளங்குது சார்."

"ஊதாதையுங்கோ எண்டும் நான் சொல்லேல்ல."

கூரைச் சங்குக்குக் கையால் அழுத்தும் பொத்தான் ஒன்று உண்டு. பொறுப்பில்லாமல் அழுத்தினால் வேலை போகும் என்று பெட்டியைக் கொடுத்த அன்றே தோட்டத்து உதவி நிர்வாகியான சின்னத்தொரை சொல்லியிருந்தார். சுமன் அனுப்புவது காணாது, அவளுக்கு இந்த வேலை வேண்டும். தொட்டில்களில் குழந்தைகள் மத்தியானத் தூக்கம். கோகிலா முதலில் பெரிய பிள்ளைகளை மேல் ரோட்டுக்கு ஏற்றினாள். தொட்டில் குழந்தைகளை உதவிக்கு நிற்கும் ஆயாவிடம் கொடுத்தாள். பிறகு அழுத்தினாள்.

மேகமில்லாத வானம். சங்கு ஊதியதும் சனம் வாசலுக்கு வந்து முதலில் அண்ணாந்து பார்த்தது. பிறகு பழக்கம் காலைத் தூக்கியது. ஏறினார்கள். ஏறிய பிறகுதான் கோபம் வந்தது.

"என்ன புள்ள இது? வெயிலுக்கும் ஊதுதா ஓம் பொட்டி?" என்றார் இருளப்பன்.

"பொட்டி ஊதல மாமா. நாந்தான் ஊதுனேன்."

"நல்லாருக்கு. உலையில அரிசி கெடக்குது."

சின்னத்தொரை மோட்டார் சைக்கிளில் வந்திறங்கினார். "மொகத மே, கோகிலா?" என்ன இது என்று கேட்டார். சிங்களத்தில் அவள் தடுமாறமாட்டாள். ஆடியில் தான் விட்ட வேலையைச் சொன்னாள், அதனால் மழைக் கணக்கு அடியில் மறைந்ததைச் சொன்னாள், கம்பி நீண்ட அளவைக் கையை விரித்துக் காட்டினாள். பிறகு சனத்தின் பக்கம் திரும்பி அதையே தமிழில் சொன்னாள். "தப்பு எங்கிட்ட. நான் அனுப்புன கணக்க வச்சித்தான் ஒங்கள எறக்குனாங்க."

சின்னத்தொரைக்கு நம்பிக்கை வரவில்லை. லயம் நேராகத்தானே நிற்கிறது என்றார். நிரூபிக்கிறவர்போல இறங்கிப் போய் மூக்காயியின் கதவை இழுத்தார். பாதியில் நின்றது. ஹரி, சரிதான், இது பழைய கதவு என்று அடுத்த காம்பராவுக்குப் போனார். அந்தக் கதவும் பாதியில் நின்றது. அதற்கடுத்ததும். மூன்று கதவும் ஒரே மூலையில், மலைப் பக்கத்து மேல் மூலையில் இறுகின. நான்காவது கதவுக்கு அவர் போகவில்லை. நடையும் ஓட்டமுமாக ஏறி வந்தார்.

"கோகிலா," என்றார் இருளப்பன். "அந்தக் கதவ நான் ரெண்டு தரம் செதுக்குனேன்."

"தெரியும் மாமா."

"கதவுதான்னு நெனச்சேன்."

அன்று யாரும் லயத்துக்கு இறங்கவில்லை. மூக்காயி மட்டும் அடுப்பை அணைக்கவேண்டும் என்றாள். நான்கு பேர் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். பிள்ளைக் காம்பரா மலை சரியும் மடிப்புக்கு வெளியே இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கோகிலா மட்டும் பெட்டியிடம் போனாள். சனத்தை இனி எப்போது எழுப்புவது, எப்போது இறக்குவது என்பதை அந்தப் பெட்டிதான் சொல்லவேண்டும். ஆகவே அது பொய் சொல்லக்கூடாது.

கஜீவன் தொலைபேசியில் வாசிக்க வாசிக்க, ஆடியில் விட்ட அந்த ஒரு வரியை எழுதினாள். எந்தப் பாகம், எந்த இடத்தில், எந்த வகை. எழுதிவிட்டு நம்பவில்லை. மின்கம்பியைக் கையால் பிடுங்கினாள், மின்கலத்தையும் கழற்றினாள். திரை இருண்டது. மறுபடி சொருகினாள். பெட்டி எழும்பியது. பாகம் தானாக வந்து இணைந்தது.

"வந்திட்டுதா?" என்றான் கஜீவன்.

"வந்துருச்சுங்க சார்."

நிரல் ஓடத் தொடங்கியது. கம்பி அளவு பூச்சியத்திலிருந்து. அவள் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாள். கதவடியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கம்பி அதற்குள் நகர்ந்திருந்தது; திரையில் பூச்சியம் இல்லை.