தாழ்வு நவிற்சி

கொடைக்கானலில் நடந்த குறைதீர் கூட்டத்தில்தான் அந்த அம்மாளைப் பார்த்தேன். தமிழாசிரியையான நான் எங்கள் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கேட்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் அவர். தலையில் கம்பளித் துண்டு, பாதமெல்லாம் செம்மண். கை சும்மா இருந்தாலும், பூண்டு உரிப்பதுபோல விரல்கள் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருந்தன.

சாலை இல்லாத தங்கள் மலைக்கிராமத்திலிருந்து, பிரசவ வலி கண்ட மருமகளை ஐந்து மணி நேரம் டோலியில் தூக்கி வந்ததாகவும், வழியிலேயே தாயும் பிள்ளையும் இறந்துவிட்டதாகவும் அவருடைய மனுவில் இருந்தது.

மனுவை உரக்கப் படித்த அதிகாரி சிரித்தார். "அஞ்சு மணி நேரமா? உயர்வு நவிற்சி அணிம்மா இது." பிறகு, 'சாலை இல்லாததால் சிறு சிரமம்' என்று வாய்விட்டுச் சொல்லியபடியே பதிவேட்டில் எழுதினார்.

அம்மாள் என்னிடம் திரும்பினார். "டீச்சர், ஏதோ அணிங்கிறாரே, என்னங்க அது?"

"உள்ளதைக் கூட்டிச் சொல்றதும்மா."

"குறைச்சுச் சொன்னா?"

"தாழ்வு நவிற்சி."

"அப்ப நீங்க எழுதுனதுதான்யா அது!" என்று அதிகாரியின் மேசையில் அறைந்தார். "ரெண்டு உசுரு போயிருக்கு, சிறு சிரமமா? அடிச்சிட்டு எழுதுங்க. அதுவரைக்கும் எனக்கு வேற சோலி இல்ல."

அதிகாரி முகம் சிவக்க அதை அடித்துவிட்டு, 'இரண்டு உயிரிழப்பு' என்று எழுதினார். அதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே அம்மாள் நகர்ந்தார்.

அணிகளை நான் இருபது வருடமாக இரண்டு மதிப்பெண் கேள்விகளாகவே நடத்துகிறேன். அதிகாரி 'சிறு சிரமம்' என்று எழுதியபோது, அதன் பெயர் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அப்போதே ஏன் வாய் திறக்கவில்லை என்று என்மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை.