வாய் மூடாத மரியமலர்

முல்லைத்தீவுக் கரையில் படகு எஞ்சின் திருத்துகிற வின்சனுக்கு நாற்பது வயதில் படம் கீறும் ஆசை பிடித்தது. சிலருக்கு அந்த வயதில் சீனி வியாதி பிடிக்கும். இவனுக்குப் பென்சில்.

வேலை முடிந்து வந்தால் முழங்கைவரை சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பான். தாளில் எண்ணெய்க்கறை பட்டுவிடக்கூடாதாம்.

"கலியாண நாளண்டு கூட இந்த மனிசன் இப்பிடிக் கழுவேல்லை" என்பாள் மனைவி மரியமலர்.

முதலில் படகுகளைக் கீறினான். படகுகள் ஒன்றும் சொல்லாததால் துணிவு வந்து, மரியமலரைக் கீறுவதென்று முடிவெடுத்தான். ஒரு ஞாயிறு பூசைக்கு வெளிக்கிட்டு நின்றவளை, பவுடரும் புதுச்சேலையுமாகச் சுவரோடு நிறுத்தி, கைபேசியில் பளிச்சென்று ஒரு படம் எடுத்தான். அதைப் பார்த்துப் பார்த்துக் கிழமைக்கணக்கில் கீறினான். தலைமுடி ஒவ்வொன்றாக, இமைமுடி ஒவ்வொன்றாக, பல்லும் ஒவ்வொன்றாக. முடிந்தபோது தன் கையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

பக்கத்து ஊரான தண்ணீரூற்றில் பிரசாந்தன் என்பவன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறான். அவனுடைய கொட்டகையில் ஞாயிறு பின்னேரங்களில் படம் கீறுகிறவர்கள் கூடுவார்கள். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிற கௌசலாவும் வருவாள். வின்சன் படத்தைச் சேலைத்துண்டால் சுற்றி, மோட்டார்சைக்கிளில் பக்குவமாகக் கொண்டுபோய் விரித்துவைத்தான்.

பிரசாந்தன் குனிந்து பார்த்தான். "ஆரண்ணை இது?"

"என்ரை மனிசி."

"அக்காவுக்குச் சுகமில்லையே?"

கௌசலா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "பொறுமையாக் கீறியிருக்கிறியள் அண்ணா. ஆனா பல்லை ஒவ்வொண்டாக் கீறினா அது பல்லாத் தெரியாது, சீப்பாத்தான் தெரியும். இவ்வளவு முடிக்கும் கீழை தலை எங்கை? கறுப்புக்குப் பயந்து பயந்து கீறியிருக்கிறியள்."

"மனிசியைக் கறுப்பாக் கீறினா எனக்கு வீட்டிலை சோறு கிடையாது, தங்கச்சி."

"நிறம் வேறை, நிழல் வேறை அண்ணா. முகத்துக்கு நேரை வெளிச்சம் அடிச்சுப் படமெடுத்தா நிழல் எல்லாம் செத்துப்போகும். ஆளைப் பக்கத்து வெளிச்சத்திலை இருத்துங்கோ. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, எங்கை இருட்டு எங்கை வெளிச்சம் எண்டு முதல்லை பாருங்கோ. முடியைக் கடைசியிலை பாப்பம்."

வின்சன் "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டு வந்தான். அடுத்த ஞாயிறு போகவில்லை. அவசர வேலையாம். ஒரு பழுதும் இல்லாத எஞ்சினைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தான்.

ஆனால் சொன்ன சொல் உள்ளே கிடந்து அரித்தது. ஒருநாள் காலையில் மரியமலர் முற்றத்தில் குந்தியிருந்து வலையில் சிக்கிய நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள். கிழக்கு வெயில் அவளுடைய ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்தது. வின்சன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"கண்ணுக்கை தூசியே?"

"இல்லை, நிழல் பாக்கிறன்."

"நிண்டு நிழல் பாக்கிற நேரத்துக்கு ரெண்டு நண்டைக் கழட்டலாம்."

அவன் பென்சிலை எடுத்தான். இந்தமுறை தடித்த பென்சில். கழுத்தின் கீழே முதன்முதலாகக் கறுப்பை அழுத்திப் போட்டுவிட்டு, அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். மரியமலரோ ஓர் இடத்தில் இருக்கவில்லை. கை வலையில், வாய் ஊர்க்கதையில். ஒரு நண்டு விரலைக் கடிக்க, அந்த நண்டின் பரம்பரையையே திட்டினாள். படம் கெட்டது. மறுநாளும் கெட்டது. கெட்ட படங்களையும் தண்ணீரூற்றுக்குக் கொண்டுபோனான். கண் நெற்றிக்கு ஏறிவிட்டது என்றார்கள். அடுத்தமுறை, கழுத்து தோளில் ஒட்டவில்லை என்றார்கள். பிறகு பிறகு அவனே படத்தை நீட்டி, "எங்கை பிழை?" என்று முந்திக்கொண்டு கேட்டான். கௌசலா கீறிய கையொன்றில் பெருவிரல் மறுபக்கத்தில் இருப்பதைக் கண்டுபிடித்த அன்று, வீடு வரும்வரை சீட்டியடித்துக்கொண்டே வந்தான்.

மழைக்காலம் தொடங்குமுன் ஒரு படம் சரிவந்தது. கொட்டகையில் எல்லாரும் அதைச் சுற்றி நெருங்கி நின்று பார்த்தார்கள்.

"அக்கா என்ன சொல்லிக்கொண்டிருக்கிறா?" என்று பிரசாந்தன் கேட்டான்.

"வேறை என்ன, என்னைத்தான் ஏசுறா."

மரியமலரிடம் காட்டியபோது அவள் கையைத் துடைத்துவிட்டு வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"என்ரை வாய் இவ்வளவு பெரிசே?"

"கதைக்கேக்கை அப்பிடித்தான்."

"நான் கதைக்காமல் இருக்கேக்கை கீறியிருக்கலாமே?"

"அதுக்கு எத்தினை வருசம் காத்திருக்கிறது?"

அவள் முறைத்தாள். ஆனால் படத்தைக் கீழே வைக்கவில்லை. கன்னத்து வெயிலை விரலால் தொடப்போய், தொடாமல் விரலை எடுத்துக்கொண்டாள்.

கௌசலா தன் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அதைக் கேட்டாள். "நானும் கூட வருவன், இல்லாட்டிப் படம் தரமாட்டன்" என்றாள் மரியமலர். அன்று பவுடர் பூசி, நல்ல சேலை உடுத்து, படத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தாள். வந்தவர்கள் படத்தை ரசித்தார்கள்; இது ஆர் என்று பக்கத்தில் இருந்தவளிடமே கேட்டார்கள். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்ததால் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.