ஏழு நாடு போனவர் வீட்டுக்குள் இருந்தார்

என் தங்கச்சி வீட்டுக்காரருக்குப் பஸ் டெப்போவில் வைத்த பெயர் ஏழு நாடு. அப்போது அவர் ஒரு நாட்டுக்கும் போனதில்லை. பார்சல் அறையில் உட்கார்ந்து ஊர் ஊராக மூட்டை அனுப்புகிற வேலை. எந்த மூட்டை எங்கே எப்போது போய்ச் சேரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவர் மட்டும் வீடு விட்டால் டெப்போ, டெப்போ விட்டால் வீடு.

அந்த மனுஷன்தான் ஒரு நாள், தன்னந்தனியாக சைக்கிளில் ஏழு நாடு தாண்டி, கடைசியில் வருகிற கடலில் கால் நனைக்கப் போகிறேன் என்று கிளப்பிவிட்டார். பெயர் வந்தது அதிலிருந்துதான். தன்னந்தனி என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். பின்னால் சாமான் வைக்கிற கேரியரை நான் என் வெல்டிங் பட்டறையில் செய்து கொடுத்தேன். பைகளைத் தங்கச்சி தைத்தாள். நல்ல டயருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அலைந்தார். டெப்போ மேனேஜர் சுவர் நீளத்துக்கு ஒரு வரைபடம் கொண்டுவந்து வீட்டில் ஒட்டினார். மாப்பிள்ளை அதில் சிவப்பு மையால் கோடு போட்டார். அது ஒன்றுதான் அவர் தனியாகச் செய்த வேலை.

அந்தக் கோட்டுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். வீட்டு வாசலில் தொடங்கிக் கடல் வரைக்கும் சக்கரம் உருண்டே போக வேண்டும். ரயில், லாரி, கப்பல் எதிலும் ஏறக் கூடாது. ஓர் இடத்தில் கோடு அறுந்தாலும் போனது கணக்கில் சேராது. யார் போட்ட சட்டம் என்று கேட்டேன்.

"சட்டம்னா சட்டம்தான் மச்சான்" என்றார்.

சைக்கிளை ஓட்டிப் பழகவும் இல்லை. டயர் தேய்ந்துவிடுமாம். அது நடு அறையில் துணி போர்த்திக்கொண்டு புதுப்பெண் மாதிரி நின்றது.

சம்பளமில்லாத நீண்ட லீவு எடுத்தார். டெப்போவில் வழியனுப்பு விழா நடந்தது. மேனேஜர் பேசினார், டிரைவர்கள் விசிலடித்தார்கள், நல்ல மழைக்கோட்டு ஒன்றைப் போர்த்திவிட்டார்கள். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, திங்கட்கிழமை விடியும்போது நான் இந்த ஊரில் இருக்க மாட்டேன் என்று பேசிவிட்டு வந்தார்.

நாலாவது நாட்டு விசா வரவில்லை. மற்றதெல்லாம் வந்துவிட்டது, அது மட்டும் கிணற்றில் போட்ட கல். வந்துவிடும் என்ற நம்பிக்கையில் விழாவுக்குத் தேதி சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை விடிந்தது. மாப்பிள்ளை ஊரில்தான் இருந்தார், ஜன்னலைச் சாத்திக்கொண்டு.

"அந்த ஒரு நாட்டை விட்டுட்டுச் சுத்திப் போங்களேன்" என்றாள் தங்கச்சி.

"சுத்திப் போனா கடல்தான். கப்பல்ல ஏறணும். கோடு அறுந்துடும்."

"அப்ப டெப்போவுல போய் விஷயத்தைச் சொல்லுங்க."

"மழைக்கோட்டு வாங்கிட்டு வந்திருக்கேன்டி. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?"

ஆக, ஆள் போய்விட்டார் என்று ஊருக்குச் சொல்கிற வேலை என் தங்கச்சி தலையில் விழுந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுகூடச் சுலபம். பூசணிக்காய் தும்மாது. இவர் தும்மினால் தெருமுனையில் படுத்திருக்கிற நாய் எழுந்து பார்க்கும். கடையில் யாரோ விசாரித்ததற்கு, மலை ஏறிக்கிட்டிருக்காராம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்கு வீட்டில் சண்டை.

"ரெண்டாவது நாட்டுல ஏதுடி மலை? அது பூரா சமவெளி. கேக்கிறவன் என்னைப் பத்தி என்ன நெனப்பான்?"

"ஆமா. வீட்டுக்குள்ள உக்காந்திருக்கிறதைவிட அதுதான் கேவலம்."

அதிலிருந்து காலையில் எழுந்ததும் வரைபடத்தின் முன்னால் நின்று, இன்றைக்கு எந்த ஆற்றைத் தாண்டியிருப்பேன், எதிர்க்காற்று எப்படி அடித்திருக்கும் என்று அவளுக்குப் பாடம் எடுத்தார். பொய் என்றாலும் ஒரு நேர்மை வேண்டுமாம். ஒருமுறை நான் போனபோது சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுக் காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் இப்போது இருக்கிற நாட்டில் அதுதான் கிடைக்குமாம்.

ரொட்டியைக் கடித்துத்தானோ என்னவோ, கடைவாய்ப் பல் கெட்டுக் கன்னம் பன்னு மாதிரி வீங்கிவிட்டது. அடையாளம் தெரியாமல் இருக்க ஹெல்மெட்டை மாட்டி, என் லோடு ஆட்டோவில் இரும்புக் குழாய்களுக்கு நடுவே உட்கார வைத்துப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். உள்ளே போனால் எங்களுக்கு முன்னால் டெப்போ மேனேஜர் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்.

"ஹெல்மெட்டுக்குள்ள யாரு, ஏழு நாடா? கழட்டுப்பா. டாக்டர் அதுக்கு வெளிய நின்னா பல்லைப் பிடுங்குவாரு?"

பல் வலி தாங்காமல் பாதி வழியில் திரும்பிவிட்டார் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்து அழுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் போகவே இல்ல சார்."

"அதான் தெரியுமே" என்றார் மேனேஜர். "உங்க மொட்டை மாடியில தெனம் உன் சட்டை காயுது. எந்த நாட்டுலேர்ந்து துவைக்க அனுப்புற? பாவம், சங்கடப்படுவானேன்னு நம்ம டிரைவருங்க உன் தெருப் பக்கமே வர்றதில்ல. சுத்தி நடந்துதான் டீ குடிக்கப் போறானுங்க. அவனுங்க காலு உன்னாலதான் வலிக்குது."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். "அப்ப நாளைக்கே வேலைக்கு வந்துடட்டுமா சார்?"

"உன் எடத்துல லீவு முடியற வரைக்கும் ஆள் போட்டாச்சே. அவனை எழுந்திருன்னு சொல்ல முடியுமா? நீ நாட்டைச் சுத்து, வீட்டைச் சுத்து, உன் இஷ்டம். லீவு முடியாம உள்ள விட மாட்டேன்."

பல்லைப் பிடுங்கிப் பஞ்சை வைத்து அனுப்பினார்கள். திரும்பும் வழியில் மாப்பிள்ளை பஞ்சோடு பேசினார்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. பின்ன யாருக்குப் பயந்து ஒளிஞ்சேன் மச்சான்?"

"என்னைக் கேக்காதீங்க. நான் தெனம் வந்து பாத்துட்டுத்தானே இருந்தேன்."

வீட்டுக்கு வந்ததும் சிவப்பு மையை எடுத்துக்கொண்டு வரைபடத்தின் முன்னால் போய் நின்றார். பிறகு மூன்றாவது நாட்டிலிருந்து ஐந்தாவது நாட்டுக்குக் கடல் மேல் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போனார். தங்கச்சி பார்த்தாள், பைகளை எடுத்து வெயிலில் போட்டாள்.

வீக்கம் வடிந்த பிறகு, எல்லாரும் வேலைக்குப் புறப்படுகிற நேரத்தில் அவரும் புறப்பட்டார். பழகாத சைக்கிள் அல்லவா, தெருவின் இரண்டு பக்கத்தையும் தொட்டுத் தொட்டுப் போனார். கை காட்ட ஒருத்தரும் இல்லை. வாசலில் நின்றவர்கள் கௌரவமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். போனவரைப் பார்த்துவிடக் கூடாது என்று அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் டயரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

எல்லை தாண்டியதும் தங்கச்சிக்குப் போன் பண்ணினார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"இங்க என்னை ஒருத்தருக்கும் தெரியலடி."

"பயமா இருக்கா?"

"சேச்சே. விடிஞ்சதுலேர்ந்து சும்மா கடைத்தெருவுல நடந்துக்கிட்டே இருக்கேன்."

"அப்ப சைக்கிள்?"

"ரூம்ல நிக்குது."