இடது செட்டை இல்லாத கெண்டைகள்

அல்போன்சம்மாளுக்கு வாய் நீளம். கை அதைவிட வேகம். அது தெரியாமல்தான் சூளை மேஸ்திரி பரமசிவம் அவளோடு பந்தயத்துக்குப் போனார்.

அது 1908. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளத்தில் மழைநீர் நின்று ஏரியாகிவிட்டிருந்தது. கரையில் குடிசை போட்டு, கணவன் ஆம்ப்ரோஸோடு அவள் அதில் மீன் வளர்த்தாள். வளர்த்தாள் என்பதே மரியாதைக்குச் சொல்வது. சீனர் பண்ணையிலிருந்து நெல்மணி அளவுக் கெண்டைக் குஞ்சுகளை வாங்கி இரண்டு வருஷம் விட்டாள். ஒன்றுகூடத் தேறவில்லை. மூன்றாம் வருஷமும் விட்டபோது மேஸ்திரி வந்து நின்றார்.

"அடுத்த ஈஸ்டருக்குள்ள மீனைக் காட்டு. இல்லைன்னா பள்ளத்தை மூடிடுவேன். கல் காயவைக்க எனக்கு இடம் வேணும்."

ஏரி போனால் குடிசையும் போகும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கத்தோலிக்க வேதக்காரர் வீட்டில் அன்று இறைச்சி ஆகாது, மீன்தான். ஆம்ப்ரோஸ் தூண்டிலில் பிடித்த விராலை ஏரிப் படியில் உட்கார்ந்து வகிர்ந்தாள். அதன் வயிற்றில் பதினொரு கெண்டைக் குஞ்சுகள். முதல் நாள் அவள் விட்டவை.

வாராவாரம் இதே படியில் மீன் கழுவிக் குடலைத் தண்ணீரில் எறிந்ததில் விரால்கள் இங்கேயே குடியேறியிருந்தன. குஞ்சுகளையும் இதே படியில்தான் விட்டிருந்தாள்.

"இலை போட்டுக் கூப்பிட்டுப் பரிமாறியிருக்கேன்," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

குடிசைக்குப் பின்னால் சின்னக் குழி வெட்டினார்கள். புதுக் குஞ்சுகளை அதில் விட்டுத் தவிடு போட்டு நாலு மாதம் வளர்த்தாள். உள்ளங்கை நீளத்துக்கு நூறு தேறின.

மேஸ்திரி சிரித்தார். "ஆயிரம் விட்டா அம்பதாவது பிழைக்கும். நூறு விட்டா என்னத்தப் பிழைக்கும்?"

"அப்ப நீங்களே பொடிக்குஞ்சு ஆயிரம் விடுங்க மேஸ்திரி. எது நிக்குதுன்னு பாத்துடுவோம்."

தன் மீன் அடையாளம் தெரிய, ஒவ்வொன்றின் இடது வயிற்றுச் செட்டையையும் கத்தரியால் அடியோடு நறுக்கினாள். ஒரே நாளில், படிக்கு எதிர்க்கரையில், அவள் நூறும் அவர் ஆயிரமும் தண்ணீருக்குள் போயின. அதன்பின் குடலை எருக்குழியில்தான் புதைத்தாள். ஆம்ப்ரோஸ் தினமும் விராலுக்குத் தூண்டில் போட்டான்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் காலையில் வலை இறங்கியது. மேஸ்திரி நம்பிக்கையோடுதான் வந்திருந்தார். ஏரியை மூட எட்டுப் பேர் மண்வெட்டியோடு பின்னால் நின்றார்கள். வலையை இழுக்க ஆம்ப்ரோஸால் தனியாக முடியவில்லை. அந்த எட்டுப் பேரில் நாலு பேர் இறங்கிப் பிடித்தார்கள்.

எழுபத்து மூன்று கெண்டை. முழங்கை நீளம் ஒவ்வொன்றும். அல்போன்சம்மாளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மேஸ்திரி விடவில்லை. குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு மீனாகப் புரட்டினார். எழுபத்து மூன்றுக்கும் இடது செட்டை இல்லை. இன்னொரு முறை வலை போடச் சொன்னார். இரண்டு விரால்தான் வந்தன, நல்ல கொழுப்போடு.

"உங்க ஆயிரமும் இதுங்க வயித்துக்குள்ளதான் மேஸ்திரி," என்றாள்.

மேஸ்திரி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். மண்வெட்டிக்காரர்களைக் குடிசைக்குப் பின்பக்கம் கூட்டிப் போனார்.

"குஞ்சுக்குழியை எவ்வளவு பெருசாக்கணும்? நீயே கோடு போட்டுக் காட்டு."

அல்போன்சம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு, காலாலேயே பெரிய கோடாக இழுத்தாள்.