பூஜ்ஜியத்தில் நிற்காத முள்

ஐம்பதுகளின் தொடக்கத்தில், திருவொற்றியூர்க் கடலோரத்தில் கப்பல்களோடு பேசும் சிறிய வானொலி நிலையம் ஒன்றில் எனக்கு வேலை. கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மைக்கில் பேசுகிறவர் காசிமேட்டு மீனவக் குடும்பத்துக்காரர், யுத்தத்தின்போது பட்டாளத்தில் வயர்லெஸ் படித்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை நைனா என்பார்.

ஐப்பசியில் ஒரு மதியம் துறைமுகக் கொடிமரத்தில் புயல் கூண்டு ஏறியது. எண்ணூரிலிருந்து ஒரு பார்ஜை, எஞ்சின் இல்லாத சரக்கு மிதவையை, இழுத்துக்கொண்டு வந்த படகு துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. துறைமுக வாயிலில் அலை புரண்டது. நுழைந்தால் கல்சுவரில் மோதும். திரும்பி ஆழக்கடலுக்குப் போகச் சொல்ல வேண்டும். அந்தப் படகின் எஞ்சின்காரன் அண்ணனின் கூடப்பிறந்த தம்பி.

காலையில்தான் லிமிட்டரில் ஒரு வால்வு செத்து, புதியதைப் போட்டிருந்தேன். குரல் உயரும்போது தானாகவே அதை அமுக்கிப் பிடிப்பது அந்தப் பெட்டி. அது பிடிக்காவிட்டால், ஒரு கத்தலுக்கே டிரான்ஸ்மிட்டர் அணைந்துவிடும். பயந்து தணித்துப் பேசினாலோ, இடி இரைச்சலில் படகுக்கு எதுவும் கேட்காது. எவ்வளவு அமுக்குகிறது என்று காட்ட அதன் முகப்பில் ஒரு மீட்டர் உண்டு. புது வால்வுக்கு ஏற்ப அந்த முள்ளைத் திருத்தி வைக்காதவரை அது காட்டுவதை நம்ப முடியாது.

சத்தம் எதுவும் கொடுக்காமல் முள்ளைப் பூஜ்ஜியத்தில் நிறுத்தினேன். பிறகு ஒரே சீரான விசில் ஒலியைக் கொடுத்துப் பத்து டெசிபல் ஏற்றினேன். வெளியே வருவது இரண்டுதான் ஏறியது. அப்படியானால் பெட்டி எட்டு அமுக்குகிறது. முள்ளோ நான்கில் நின்றது. பின்பக்கத் திருகைத் திருப்பி எட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒலியை நிறுத்தினால் முள் பூஜ்ஜியத்துக்குத் திரும்பவில்லை. மறுபடி முதலிலிருந்து.

துறைமுக அலுவலகத்திலிருந்து போன் மேல் போன். இன்னும் ஏன் பேசவில்லை என்று கேட்டார்கள். அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவருடைய மூச்சு என் கழுத்தில் பட்டது.

"இன்னா நைனா, முள்ளையே பாத்துகினு கீறே. அங்க என் தம்பி கீறான்."

முள் மறுபடி நகர்ந்தது. அதே நேரம் மேலே இருந்த பல்பு மங்கியது. அப்போதுதான் புரிந்தது. வால்வில் குறையில்லை, கரண்ட்தான் ஏறி இறங்குகிறது. பக்கத்து ஆலையின் மோட்டார்கள் ஓடும்வரை இந்த முள் நிற்காது. நாங்களே கரண்ட் எடுத்துக்கொள்ளக் கொட்டகையில் இருந்த ஆயில் எஞ்சினைப் போடச் சொன்னேன். அண்ணன் மழையில் ஓடினார். எஞ்சின் இருமி இருமி அணைந்தது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. நனைந்த சட்டையோடு அவர் திரும்பி வந்தபோது முள் பூஜ்ஜியத்தில் அசையாமல் நின்றது. விசிலைக் கொடுத்தேன். எட்டு. எடுத்தேன். பூஜ்ஜியம்.

"பேசுங்க அண்ணே."

உள்ளே வராதே, ஆழத்துக்குத் திரும்பு என்று விதிப்படி மூன்று தடவை சொன்னார். பதிலுக்கு வெறும் இரைச்சல். நான்காவது தடவை அவர் குரல் உடைந்துவிட்டது. மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"டேய், அம்மா மேல ஆணைடா. உள்ள வராத."

முள் மீட்டரின் கடைசிவரை பாய்ந்தது. என் கண் டிரான்ஸ்மிட்டரின் சிவப்பு விளக்கில் இருந்தது. விளக்கு அணையவில்லை.

மறுபடி போன் மணி அடித்தபோது அவர் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். படகு முகத்தைத் திருப்பிவிட்டது, துறைமுகக் கோபுரத்திலிருந்து தெரிகிறது என்றார்கள். அண்ணன் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

பார்ஜின் கயிற்றை அறுத்துவிட்டு, புயல் ஓய்ந்த பிறகு அவர்கள் முழுதாகக் கரை வந்து சேர்ந்தார்கள். தம்பி நிலையத்துக்கே வந்தான். அவன் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. வானொலியில் குரல் ரொம்ப நிதானமாக, ஒரே மட்டமாக வந்ததாம். இவ்வளவு அமைதியாகப் பேசுகிறான், பெரிதாக ஒன்றும் இருக்காது என்று படகை ஓட்டிய சாரங்கு அதைத் துறைமுகத்துக்கே விட்டிருக்கிறார்.

"அம்மா மேல ஆணைன்னதும்தான் நம்ம அண்ணன்னு தெரிஞ்சுது. அப்பறம் நான்தான் சாரங்கு கைய புடிச்சு இழுத்தேன்" என்றான்.

அண்ணன் என்னைப் பார்த்தார். கத்தினால் கத்தியது போலவே கேட்கும்படி அந்தப் பெட்டியை வைக்க முடியாதா என்று கேட்டார். டிரான்ஸ்மிட்டர் தாங்காது என்றேன். கொஞ்சமாவது என்றார்.

அடுத்த நாள் காலையில் திருப்புளியை எடுத்து, லிமிட்டரின் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினேன். அவரைக் கத்தச் சொல்லிவிட்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.